முப்புரி கண்ட அறிஞர்

நுழையும்முன்

ஒரு பொருளின் வலிமை எங்கிருந்து வருகிறது என்னும் வினா தொழிலாளிக்கும் உண்டு, அறிவியலறிஞருக்கும் உண்டு. தோலையும் எலும்பையும் தசைநாணையும் தாங்கிநிற்கும் கொலாஜன் என்னும் புரதத்தின் வடிவத்தைச் சென்னையிலிருந்து உலகிற்கு அறிவித்தவர் ஜி. என். இராமச்சந்திரன். தம் முடிவின்மேல் எழுந்த மறுப்பையே புதிய வினாவாக மாற்றி, முந்தையதினும் பெரிய கண்டுபிடிப்பை எட்டிய அவருடைய வாழ்வை இப்பாடம் விளக்குகிறது.

தோலுக்குள் ஒரு வினா

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் சாலையில், குடகனாறு பாயும் சமவெளியில் அமைந்திருப்பது தாடிக்கொம்பு. சௌந்தரராசப் பெருமாள் கோவிலின் சிற்பத்தூண்களால் பெயர்பெற்ற ஊர் அது. மழை குறைந்த அச்சமவெளியில் உழவோடு ஆடு வளர்ப்பும் மக்களுக்குக் கைகொடுத்து வந்துள்ளது. அதனை ஒட்டித் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது.

பச்சைத்தோல் சில நாள்களில் அழுகிவிடும். அதனைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரையும் ஊனையும் நீக்கி, ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றின் துவர்ச்சாற்றில் பதப்படுத்தினால் அதே தோல் பல்லாண்டு உழைக்கும். துவர்ப்பொருள் தோலின் இழைகளோடு பிணைந்து, நுண்ணுயிரிகள் அவற்றைச் சிதைக்காதவாறு காக்கிறது. தோலையும் எலும்பையும் நீரில் நெடுநேரம் காய்ச்சினாலோ இழைகள் நெகிழ்ந்து கூழாகின்றன. தச்சர்கள் மரத்தை ஒட்டப் பயன்படுத்திய வச்சிரப் பசை இவ்வாறு பெறப்பட்டதே.

அழுகக்கூடியதும், பதனிட்டால் நிலைப்பதும், காய்ச்சினால் பசையாவதும் ஒரே பொருள்தான். அதுவே கொலாஜன் என்னும் புரதம். பாலூட்டிகளின் உடலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கொலாஜனே. பயன்பாட்டில் இத்துணைப் பழைமையான பொருளின் உள்வடிவம் 1950 வரை ஒருவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அதனைத் தெளிவாக்கும் பணியைத் தமிழகத்து ஆய்வுக்கூடம் ஒன்று மேற்கொண்டது.

இளமையும் கல்வியும்

இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தார். அவர்தம் பெயரின் முதலெழுத்து, கோபாலசமுத்திரம் என்னும் தமிழ்நாட்டு ஊரைக் குறிப்பது. தந்தை நாராயண ஐயர் கணிதப் பேராசிரியர்; தாய் இலட்சுமி அம்மாள். கணிதத்தின்பால் மகனுக்கு ஈடுபாட்டை ஊட்டியவர் தந்தையே. சிக்கலான கணக்கைச் சோர்வின்றி ஆராயும் பழக்கம் இளமையிலேயே அவரிடம் வேரூன்றியது.

திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் பட்டம் பயின்று, 1942இல் தேறினார். அதே ஆண்டில் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தின் மின்பொறியியல் துறையில் சேர்ந்தார். அந்நாளில் அங்கு இயற்பியல் துறைக்குத் தலைமை தாங்கியவர் சர் சி. வி. இராமன். இளைஞரின் அறிவுக்கூர்மையை உணர்ந்த இராமன், அவரைத் தம் துறைக்கே அழைத்துக்கொண்டார். இராமனிடம் அவர் ஒளியியலையும் படிகங்களின் இயல்பையும் பயின்றார். 1947இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் முனைவர் பட்டத்தைப் பெற்றார்.

அதன்பின் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஊஸ்டர் என்பாரின் வழிகாட்டலில் ஆய்ந்தார். படிகத்தின்மேல் ஊடுகதிரைச் செலுத்தி, அது சிதறும் முறையிலிருந்து அப்படிகத்தின் மீள்திறனைக் கணிப்பது அவருடைய ஆய்வுப்பொருள். 1949இல் அங்கும் முனைவர் பட்டம் பெற்றார். பெருமூலக்கூறுகளின் வடிவத்தை ஆராய்ந்துவந்த லைனஸ் பாலிங்கின் உரைகளைக் கேட்கும் வாய்ப்பும் அக்காலத்தில் அவருக்குக் கிட்டியது. உயிர்ப்பொருள்களையும் இயற்பியலின் துணையால் ஆராயலாம் என்னும் எண்ணத்தை அவ்வுரைகள் அவருள் வலுப்படுத்தின.

கிண்டியில் ஓர் ஆய்வகம்

1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறைக்குத் தலைவரைத் தேடியது. துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் முதலில் இராமனை அணுகினார். இராமன் தமக்கு மாற்றாகத் தம் மாணவரின் பெயரைக் கூறினார். இவ்வாறு முப்பதாம் அகவையில் இராமச்சந்திரன் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் பொறுப்பேற்றார்.

கிண்டி வளாகத்தில் ஊடுகதிர் ஆய்வகம் ஒன்றை அவர் நிறுவினார். கருவிகள் வந்தன, எதனை ஆராய்வது என்பது முடிவாகவில்லை. அவ்வேளையில் இங்கிலாந்தைச் சேர்ந்த படிகவியலறிஞர் பெர்னல் சென்னைக்கு வந்தார். கொலாஜனுக்குப் பலர் பல வடிவங்களைக் கூறியுள்ளனர் என்றும், அவற்றுள் ஒன்றும் நிறைவளிக்கவில்லை என்றும் உரையாடலின்போது அவர் தெரிவித்தார். அஸ்ட்பரியும் பாலிங்கும் கூறிய வடிவங்கள்கூட ஆய்வுச் சான்றுகளோடு முழுமையாகப் பொருந்தவில்லை. உலகப் புகழ்பெற்றோர் முயன்றும் தீராத சிக்கல் அது. இராமச்சந்திரன் அதனையே தேர்ந்தெடுத்தார்.

சூழலும் துணைநின்றது. நடுவண் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் சென்னை அடையாற்றில் தொடங்கப்பட்டிருந்தது. தோல் பதனிடும் தொழிலுக்கு அறிவியல் துணையளிப்பது அதன் நோக்கம். தோலை ஆராய்வோர் கொலாஜனை அறிந்தே ஆக வேண்டும். ஆகவே பல்கலைக்கழக ஆய்வகத்திற்குத் தேவையான மாதிரிகள் அண்டையிலேயே கிடைத்தன. அவற்றுள் கங்காருவின் வால் தசைநாண் தெளிவான ஊடுகதிர்ப் படத்தைத் தந்தது.

மூன்றாம் இடத்தில் சிறியது

புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட நீண்ட தொடர். இருபது வகை அமினோ அமிலங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் முதன்மைத் தொடரிலிருந்து கிளைக்கும் பக்கத்தொகுதி ஒன்று உண்டு. அது சிலவற்றில் பெரியது, சிலவற்றில் சிறியது. எல்லாவற்றிலும் சிறியது கிளைசின். அதன் பக்கத்தொகுதி ஒரேயொரு ஹைட்ரஜன் அணு.

கொலாஜனைப் பகுத்துப் பார்த்தபோது, அதன் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின் எனத் தெரிந்தது. புரோலின், ஹைட்ராக்ஸிபுரோலின் ஆகியனவும் மிகுதியாக இருந்தன. பிற புரதங்களில் இத்தகைய விகிதம் அரிது. இராமச்சந்திரனும் அவருடன் ஆய்ந்த கோபிநாத் கர்த்தாவும் இதனைத் தற்செயலாகக் கருதவில்லை. தொடரில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் வருவதானால், அவ்விடத்தில் இடநெருக்கடி இருத்தல் வேண்டும். பெரிய பக்கத்தொகுதி அங்கு நுழைய முடியாமையால்தான் மிகச் சிறியது அமர்ந்திருக்கிறது என அவர்கள் எண்ணினர். ஊடுகதிர்ப் படத்தின் அளவுகளும் நீளவாக்கில் மூன்று தொடர்கள் அணுகியிருப்பதற்கு இசைந்தன.

அவ்வாறு உருவானதே மூன்று தொடர்கள் ஒன்றையொன்று தழுவிநிற்கும் வடிவம். மூன்றும் கூடும் நடுவச்சில் கிளைசின்கள் அமைகின்றன. ஏனைய பக்கத்தொகுதிகள் வெளிப்புறம் நோக்கி நிற்கின்றன. 1954 ஆகஸ்டில் நேச்சர் இதழில் இது வெளிவந்தது. டி.என்.ஏ. இரட்டைச் சுருள் வடிவினது என வாட்சனும் கிரிக்கும் அறிவித்து அப்போது ஓராண்டே கடந்திருந்தது.

முதல் வடிவத்தில் மூன்று தொடர்களும் ஒன்றற்கொன்று இணையாக நேரே நின்றன. பின்னர்க் கிடைத்த நுண்ணிய அளவுகள், அவை நடுவச்சைச் சுற்றி மேலும் மெல்ல முறுக்கிக்கொண்டிருக்க வேண்டும் எனக் காட்டின. நிலவு தன்னைத் தானே சுற்றிக்கொண்டே, புவிக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டியவாறு புவியையும் சுற்றிவருகிறது. அதுபோன்றே ஒவ்வொரு தொடரும் தானும் சுழன்று, நடுவச்சையும் சுற்றினால், கிளைசின் எப்போதும் நடுவச்சை நோக்கியே இருக்கும். இத்திருத்திய வடிவத்தை அவர்கள் 1955 செப்டம்பரில் வெளியிட்டனர்.

கயிறு திரிப்போர் இதனை எளிதில் உணர்வர். புரிகளை ஒரு திசையில் முறுக்கி, அப்புரிகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால்தான் கயிறு பிரியாமல் நிற்கும். கொலாஜனிலும் ஒவ்வொரு தொடரும் இடப்புறமாகச் சுருண்டுள்ளது. மூன்றும் சேர்ந்து வலப்புறமாக முறுக்கியுள்ளன. ஆயிரத்திற்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட மூன்று தொடர்கள் கூடி, ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளமும் 1.5 நானோமீட்டர் தடிமனும் உடைய ஒரு மூலக்கூறாகின்றன. அத்தகைய மூலக்கூறுகள் பக்கம் பக்கமாகச் சற்றே இடம்பெயர்ந்து அடுக்கப்படும்போது தசைநாணின் வலிய இழை உருவாகிறது.

மறுப்பும் மறுவினாவும்

1955ஆம் ஆண்டின் இறுதியில் கேம்பிரிட்ஜிலிருந்து ரிச்சும் கிரிக்கும் கொலாஜனைப் பற்றிக் கட்டுரையொன்றை வெளியிட்டனர். மூன்று தொடர்கள் முறுக்கிய வடிவம் என்பதில் அவர்களுக்கும் மாறுபாடில்லை. சென்னை வடிவத்தின் நுட்பங்களிலேயே அவர்கள் குறைகண்டனர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்றது சென்னைக் குழு. ஒன்றுதான் இருக்க முடியும் என்றனர் கேம்பிரிட்ஜார். இரண்டைப் பொருத்த முயன்றதால் சில அணுக்கள் ஒன்றையொன்று பொறுக்க முடியாத அளவு நெருங்கிவிட்டன என்பது அவர்கள் வாதம்.

பெரும்புகழ் பெற்ற ஆய்வகத்திலிருந்து எழுந்த அம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. மேலைநாட்டு நூல்கள் பலவற்றில் முப்புரி வடிவம் கேம்பிரிட்ஜ் அறிஞர்களின் பெயரோடே இடம்பெறலாயிற்று. முதலில் கண்டவரின் பெயர் பின்னுக்குத் தள்ளப்பட்ட மனவேதனை இராமச்சந்திரனுக்கு இருந்தது. எனினும் அவர் வாதத்தோடு நின்றுவிடவில்லை. அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டன என்றால், அந்த அளவு எது? இரண்டு அணுக்கள் எத்துணை நெருங்கலாம் என்பதை எவரேனும் முறையாக அளந்துள்ளனரா? இவ்வினாக்களுக்கு நூல்களில் தெளிவான விடை இல்லை என்பதை அவர் கண்டார்.

எனவே அவரும் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரும் அதுவரை வெளிவந்திருந்த அமினோ அமிலப் படிகங்கள், சிறுபெப்டைடு படிகங்கள் ஆகியவற்றின் வடிவங்களைத் தொகுத்தனர். அவற்றில் பிணைப்பில்லாத அணுக்களுக்கிடையே உள்ள தொலைவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். கார்பனும் கார்பனும், கார்பனும் ஆக்சிஜனும், நைட்ரஜனும் ஆக்சிஜனும் என ஒவ்வோர் இணைக்கும் இயல்பாக அமையும் குறைந்த தொலைவு ஒன்றையும், அரிதாக நெருங்கும் கடைசி எல்லை ஒன்றையும் வகுத்தனர்.

உலகெங்கும் வழங்கும் வரைபடம்

தொலைவின் எல்லை தெரிந்ததும், கொலாஜனை மட்டும் நோக்கிய ஆய்வு புரதங்கள் அனைத்திற்கும் விரிந்தது. புரதத்தொடரைச் சிறுசிறு தட்டையான தகடுகளின் கோவையாகக் கருதலாம். அடுத்தடுத்த இரு தகடுகள் ஒரு கார்பன் அணுவில் இணைகின்றன. கதவு கீலில் திரும்புவதுபோல் அவ்விணைப்பில் ஒவ்வொரு தகடும் திரும்பும். ஆகவே ஓர் இணைப்பின் நிலையைக் கூற இரண்டு கோணங்கள் போதும். அவை ஃபை, சை என்னும் கிரேக்க எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன.

ஒரு கோணத்தைக் கிடையச்சிலும் மற்றொன்றைக் குத்தச்சிலும் குறித்தால் ஒரு சதுரம் கிடைக்கும். அச்சதுரத்தின் ஒவ்வொரு புள்ளியும் தொடரின் ஒரு நிலை. அந்நிலையில் எவையேனும் இரு அணுக்கள் எல்லை மீறி நெருங்குகின்றனவா எனக் கணக்கிட வேண்டும். நெருங்கினால் அந்நிலை இயலாதது, இல்லையேல் இயல்வது. இக்கணக்கீடு பொறுமையைச் சோதிக்கும் நெடும்பணி. இன்றைய கணினி வசதிகள் அந்நாளில் இல்லை. ஆய்வர்கள் மேசைக் கணக்கிடும் பொறிகளின் துணையோடு புள்ளி புள்ளியாகக் கணித்தனர்.

முடிவு வியப்பளித்தது. சதுரத்தின் பெரும்பகுதி இயலாத நிலைகளாக ஒழிந்தது. சில தீவுகளே எஞ்சின. பாலிங் முன்னர்க் கூறிய ஆல்ஃபா சுருளும் பீட்டா தகடும் அத்தீவுகளுக்குள் அமைந்தன. கொலாஜனின் நிலையும் அங்கேயே இருந்தது. பக்கத்தொகுதி மிகச் சிறியதாகிய கிளைசினுக்கு மட்டும் தீவுகள் பரந்து விரிந்திருந்தன. 1963இல் மூலக்கூறு உயிரியல் இதழொன்றில் வெளிவந்த இப்படமே இராமச்சந்திரன் வரைபடம் என உலகெங்கும் வழங்குகிறது.

இன்று ஆய்வாளர் ஒருவர் ஒரு புரதத்தின் வடிவத்தைப் புதிதாகக் கண்டால், அது சரியானதா எனச் சோதிக்கும் முதன்மையான வழிகளுள் ஒன்று இவ்வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது. புள்ளிகள் பல தீவுகளுக்கு வெளியே விழுந்தால் வடிவத்தில் பிழை இருக்கக்கூடும் என ஐயுற்று மீண்டும் ஆராய்வர். ஒரு புரதத்தின் வடிவத்தில் எழுந்த வழக்கைத் தீர்க்க வகுத்த அளவுகோல், எல்லாப் புரதங்களுக்கும் உரைகல்லாயிற்று.

அவ்வழக்கின் முடிவும் அறியத்தக்கது. நேரடியான ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றே என்பதில் கேம்பிரிட்ஜார் கூற்று நிலைபெற்றது. 1968இல் இராமச்சந்திரனும் ஆர். சந்திரசேகரனும், தொடர்களை நீர் மூலக்கூறு ஒன்றும் இடைநின்று இணைக்கலாம் என ஒரு கருத்தை முன்வைத்தனர். 1994இல் கொலாஜனை ஒத்த சிறுபெப்டைடு ஒன்றின் படிகவடிவம் அமெரிக்க ஆய்வர்களால் கண்டறியப்பட்டது. மூன்று தொடர்களும், நடுவே கிளைசினும், சுற்றிலும் பாலங்களாக நிற்கும் நீர் மூலக்கூறுகளும் அதில் தெளிவாகத் தெரிந்தன. முப்புரி என்னும் அடிப்படை நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அசையாமல் நின்றது.

தெரிந்து தெளிவோம்

கொலாஜனில் உள்ள ஹைட்ராக்ஸிபுரோலின் உணவிலிருந்து நேரே வருவதன்று. தொடர் உருவானபின் அதிலுள்ள புரோலின்களில் சிலவற்றைச் செல் மாற்றியமைக்கிறது. அதற்கு வைட்டமின் சி தேவை. அது குறைந்தால் முப்புரி உடல்வெப்பத்தில் உறுதியாக நிற்காது, ஈறுகளில் குருதி கசியும், புண்கள் ஆறா. நெடுங்கடற்பயணம் செய்த மாலுமிகளை வாட்டிய ஸ்கர்வி நோய் இதுவே. எலுமிச்சை வகைக் கனிகள் அதனைத் தீர்க்கும் என்பதை ஜேம்ஸ் லிண்ட் என்னும் மருத்துவர் 1747இல் கப்பலொன்றில் செய்த சோதனையால் காட்டினார். நெல்லிக்கனியிலும் இவ்வைட்டமின் நிறைந்துள்ளது.

அடித்தளச் சவ்வில் முப்புரி

இராமச்சந்திரன் ஆராய்ந்தது தசைநாணின் கொலாஜன். அது கயிறுபோல் நீண்டு இழுவிசையைத் தாங்குவது. அவர் காட்டிய முப்புரி, உடலின் வேறு பல இடங்களிலும் வேறு வேறு வடிவில் பயன்படுவதைப் பின்வந்த ஆய்வர்கள் கண்டனர். மனித உடலில் இன்று இருபத்தெட்டு வகைக் கொலாஜன்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் நான்காம் வகை குறிப்பிடத்தக்கது. 1960களில் சிறுநீரகத்திலிருந்து கெஃபலைட்ஸ் என்னும் அறிஞர் பிரித்தறிந்த அது, அடித்தளச் சவ்வின் முதன்மையான கட்டுப்பொருள்.

தோலின் மேற்படலம், குருதிக்குழாயின் உட்படலம், சிறுநீரகத்தின் வடிகட்டி ஆகியவற்றில் செல்கள் அமர்ந்திருக்கும் மெல்லிய விரிப்பே அடித்தளச் சவ்வு. அதற்குத் தேவையானது கயிறன்று, வலை. ஆகவே நான்காம் வகைக் கொலாஜனின் அமைப்பும் மாறியுள்ளது. ஏறத்தாழ 400 நானோமீட்டர் நீளமுள்ள இதன் தொடரில், மூன்றுக்கு ஒரு கிளைசின் என்னும் ஒழுங்கு இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் இடையறுகிறது. அவ்விடங்களில் மூலக்கூறு வளைந்து கொடுக்கும். நெகிழ்வற்ற கோலால் வலை பின்ன இயலாதன்றோ?

இவ்வலை உருவாகும் முறை வியக்கத்தக்கது. ஆறு வகைத் தொடர்கள் உள்ளன. அவை விரும்பியவாறு சேர்வதில்லை. ஒவ்வொரு தொடரின் ஒரு முனையிலும் உருண்டையான பகுதி ஒன்று உண்டு. செல்லின் உள்ளே மூன்று தொடர்களின் உருண்டைகள் முதலில் ஒன்றையொன்று அறிந்து கூடுகின்றன. அங்கிருந்து மறுமுனை நோக்கி முறுக்கு ஏறுகிறது. செல்லுக்கு வெளியே வந்தபின், இரண்டு மூலக்கூறுகள் தம் உருண்டை முனைகளால் இணைகின்றன. மறுமுனைகளில் நான்கு மூலக்கூறுகள் கூடுகின்றன. இவ்வாறு இரண்டும் நான்குமாகப் பிணைந்து மீன்வலைபோல் விரிகிறது. உருண்டை முனைகளைப் பூட்டும் கந்தக-நைட்ரஜன் பிணைப்பு 2009இல்தான் கண்டறியப்பட்டது. லாமினின் என்னும் மற்றொரு புரதம் தனியே ஒரு வலையாகிச் செல்களை இதனோடு இணைக்கிறது.

இவ்வளவு பெரிய கட்டுமானத்தில் ஒரு கிளைசின் மாறினால் என்ன நேரும்? மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றத்தால் நடுவச்சில் கிளைசினுக்குப் பதிலாகப் பெரிய அமினோ அமிலம் ஒன்று அமரக்கூடும். அங்கே முறுக்கு தடைப்படும், வலை நலிவுறும். சிறுநீரக வடிகட்டியில் அது நிகழ்ந்தால் சிறுநீரில் குருதி கசியும், நாளடைவில் சிறுநீரகம் செயலிழக்கும், செவித்திறனும் குன்றும். ஆல்போர்ட் நோய் எனப்படும் இதற்கு இத்தகைய மாற்றம் ஒரு முதன்மைக் காரணம். எலும்பின் கொலாஜனில் அவ்வாறு நேர்ந்தால், பிறந்த குழந்தையின் எலும்பும் எளிதில் முறியும். மூன்றாம் இடத்தில் சிறியது மட்டுமே அமரலாம் என்று 1954இல் சென்னையில் உய்த்துணர்ந்த விதி, மருத்துவர் ஒரு குழந்தையின் நோய்க்காரணத்தை விளக்குவதற்கு இன்று உதவுகிறது.

பிற்கால வாழ்வு

இராமச்சந்திரனின் துறை, படிகவியலுக்கும் உயிர் இயற்பியலுக்குமான உயராய்வு மையமாக வளர்ந்தது. 1963இலும் 1967இலும் சென்னையில் அவர் கூட்டிய கருத்தரங்குகளுக்கு உலகின் முன்னணி அறிஞர்கள் வந்தனர். இளமையில் அவர் கேம்பிரிட்ஜில் உரைகேட்ட பாலிங்கும் 1967இல் சென்னைக்கு வந்தார்.

1970களின் தொடக்கத்தில் அவர் பெங்களூர் திரும்பி, இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை நிறுவினார். அக்காலத்தே மற்றொரு துறையிலும் அவர் முத்திரை பதித்தார். பல கோணங்களிலிருந்து எடுத்த ஊடுகதிர் நிழல்களைக் கொண்டு உடலின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை மீட்டமைப்பது எப்படி என்பது சிக்கலான கணிதம். அதனை எளிதாகவும் விரைவாகவும் செய்யும் வழியொன்றை அவரும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் 1971இல் வெளியிட்டனர். சி.டி. ஸ்கேன் கருவிகள் படம் அமைக்கும் முறைக்கு அவ்வழி பெரிதும் துணைபுரிந்தது.

1961இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதும், 1977இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினர் தகுதியும் அவரை வந்தடைந்தன. நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. படிகவியலின் மிக உயரிய பரிசான எவால்டு பரிசு 1999இல் வழங்கப்பட்டது. அப்போது அவர் நோயுற்றிருந்தார். உறுதுணையாக நின்ற துணைவியார் இராஜலட்சுமி அதற்கு முந்தைய ஆண்டே காலமாகியிருந்தார். இராமச்சந்திரன் 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் இயற்கை எய்தினார். அவர்தம் மைந்தர் இரமேஷ் நாராயண் வானியற்பியல் அறிஞராக உலகப் புகழ் பெற்றவர்.

அடையாற்றில் உள்ள தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பேரரங்கு முப்புரிச் சுருள் என்னும் பொருள்படும் பெயரையே தாங்கிநிற்கிறது. தோலைத் தொழிற்பொருளாகக் கண்ட மரபும், அதன் உள்வடிவைக் கணக்கால் கண்ட அறிவும் அப்பெயரில் ஒன்றுகூடுகின்றன. குறைகூறப்பட்டபோது இராமச்சந்திரன் அக்குறைக்கு அளவுகோல் எங்கே எனத் தேடினார். அது இல்லாதபோது தாமே அதனை வகுத்தார். கொலாஜனின் ஒரு நுட்பத்தில் அவர் கூற்றைத் திருத்திய அறிவியல், அவர் வகுத்த அளவுகோலைக் கைவிடாமல் பயன்படுத்துகிறது. அறிவுலகில் ஒருவர் அடையத்தக்க பெருமைகளுள் இது தலையாயது.

கற்பவை கற்றபின்

1. மூன்று நூல்களை ஒரே திசையிலும், பின்னர் எதிரெதிர்த் திசைகளிலும் முறுக்கிப் பார்த்து, எது பிரியாமல் நிற்கிறது என்பதைக் கொலாஜனின் அமைப்போடு ஒப்பிட்டு வகுப்பில் உரையாற்றுக.

2. இழுவிசையைத் தாங்கும் கயிறு, விரிந்து தாங்கும் வலை ஆகிய இரண்டும் உடலின் எவ்வெவ்விடங்களில் தேவைப்படுகின்றன எனப் பட்டியலிடுக.

3. மறுப்பு ஒன்றைப் புதிய வினாவாக மாற்றிய இராமச்சந்திரனின் அணுகுமுறையை, உமக்குத் தெரிந்த வேறோர் அறிஞரின் வாழ்வோடு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.